வாசகர் கேள்வி-பதில்: தாவரப் பிளாஸ்டிக் வீட்டு உரத்தொட்டியில் மக்குமா?

'மக்கும்' என்று அச்சிட்ட தாவரப் பிளாஸ்டிக் பொருள்களை வீட்டு உரத்தொட்டியில் போடலாமா என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் ஒன்றையொன்று தொடரும் சில கேள்விகளை எடுத்து இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தாவரத்திலிருந்து தயாரித்தது, முழுமையாக மக்கும் என்று அச்சிட்டிருந்த கண்ணாடி போன்ற குவளைகளைத் துண்டுதுண்டாக வெட்டி, காய்கறித் தோல்களோடு கலந்து உரத்தொட்டியில் போட்டேன். ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகிறது. தோல்களும் இலைகளும் அடையாளம் தெரியாமல் கருமண்ணாகிவிட்டன. உரத்தைச் சலித்தபோது குவளைத் துண்டுகள் மட்டும் அப்படியே சல்லடையில் நின்றன. கழுவிப் பார்த்தால் அச்செழுத்தைக்கூடப் படிக்க முடிகிறது. நான் செய்த முறையில் தவறா, அச்சிட்டிருப்பதே பொய்யா?

பதில்: உங்கள் முறையில் தவறில்லை. அச்சிட்டிருப்பதையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால், எந்த வெப்பத்தில், எத்தகைய இடத்தில், எவ்வளவு காலத்தில் அது மக்கும் என்ற முக்கியமான செய்தியை அது சொல்லாமல் விட்டிருக்கிறது. வாங்குபவருக்கு மிகவும் தேவையான செய்தி அதுதான் என்பதால், இந்த விடுபாட்டைச் சிறு குறை என்று நான் கருதவில்லை.

நீங்கள் குறிப்பிடும் குவளை பெரும்பாலும் பாலிலாக்டிக் அமிலம், சுருக்கமாக பி.எல்.ஏ., என்னும் பொருளால் ஆனதாக இருக்கும். மக்காச்சோள மாவையோ கரும்புச் சர்க்கரையையோ நுண்ணுயிர்களைக் கொண்டு நொதிக்கவைத்து லாக்டிக் அமிலம் எடுக்கிறார்கள். அந்த அமிலத்தின் மூலக்கூறுகளை நீண்ட சங்கிலிகளாகக் கோத்தால் பி.எல்.ஏ. கிடைக்கிறது. இலையையும் தோலையும் நுண்ணுயிர்கள் விழுந்த நாளிலிருந்தே அரித்துத் தின்னத் தொடங்கிவிடும். பி.எல்.ஏ.யின் சங்கிலி அவற்றுக்கு எளிதில் கைகூடுவதில்லை. முதலில் ஈரம் உள்ளே புகுந்து சங்கிலியை வேதிமுறையில் அறுக்க வேண்டும். மூலக்கூறு எடை ஏறத்தாழ 10,000 அளவுக்கு இறங்கிய பிறகுதான் நுண்ணுயிர்கள் அந்தச் சிறு துண்டுகளை உட்கொண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றுகின்றன. ஈரம் சங்கிலியை அறுக்கும் அந்த முதல் வேலை எவ்வளவு விரைவாக நடக்கும் என்பதை வெப்பம் முடிவு செய்கிறது. 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்துக்குக் கீழே பி.எல்.ஏ. விறைத்து இறுகிய நிலையிலேயே இருக்கும். அந்த அளவைத் தாண்டும்போது சங்கிலிகள் இளகி அசையத் தொடங்குகின்றன, ஈரமும் தாராளமாக உள்ளே செல்கிறது. உங்களிடம் அந்தக் குவளை ஒன்று மிச்சமிருந்தால் அதில் கொதிநீரை ஊற்றிப் பாருங்கள். குவளை துவண்டு சுருங்கிவிடும். மக்குவதற்கு உரக்குவியலில் வாரக்கணக்கில் நிலைத்திருக்க வேண்டிய வெப்பமும் ஏறத்தாழ அந்தத் துவளும் வெப்பம்தான்.

இப்போது அச்சிட்டவர்கள் எதை நம்பி அச்சிட்டார்கள் என்று பாருங்கள். மக்கும் பொதிபொருள்களுக்கு ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஈ.என். 13432 என்ற தரநிலை நடைமுறையில் உள்ளது, அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். டி6400 என்பது ஏறக்குறைய அதே நோக்கமுடையது. ஐரோப்பியத் தரநிலைப்படி, பொருளில் உள்ள கரிமத்தில் குறைந்தது 90 விழுக்காடு ஆறு மாதங்களுக்குள் கரியமில வாயுவாக மாற வேண்டும். 12 வாரங்களில் பொருள் சிதைந்து, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்காமல் இருக்க வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் கரிமம் வாயுவாக மாறுவதை அளக்கும் அந்தச் சோதனை நடப்பது 58 டிகிரி வெப்பத்தில். அதாவது பெரிய உர ஆலையில், இயந்திரத்தால் கிளறி, காற்றும் ஈரமும் அளந்து கொடுத்துப் பராமரிக்கப்படும் குவியலின் வெப்பத்தில்.

வீட்டுத் தொட்டியில் நிலைமை வேறு. நுண்ணுயிர்கள் அங்கும் வெப்பத்தை உண்டாக்கத்தான் செய்கின்றன. ஆனால் குவியல் சிறியதாக இருப்பதாலும், நாள்தோறும் கைப்பிடி கைப்பிடியாகக் கழிவு சேர்வதாலும், உண்டான வெப்பம் தங்காமல் பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. நீண்ட தண்டுள்ள வெப்பமானியைத் தொட்டியின் நடுவில் செருகிப் பார்த்தால், பெரும்பாலான வீடுகளில் வெளிக்காற்றைவிடச் சில டிகிரிதான் கூடுதலாகக் காட்டும். இலைக்கும் தோலுக்கும் அதுவே போதும். பி.எல்.ஏ.க்குப் போதாது. அந்த வெப்பத்தில் அது மக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். உங்கள் சல்லடையில் நின்ற துண்டுகளுக்குக் காரணம் இதுதான்.

கேள்வி: அப்படியானால் 'வீட்டில் மக்கும்' என்று தனியாகக் குறித்திருக்கும் பைகளை நம்பலாமா?

பதில்: மற்றவற்றைவிட அதிகமாக நம்பலாம், கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

வீட்டு உரத்துக்கென்றே வகுத்த தரநிலைகள் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஏ.எஸ். 5810 என்பது 2010இலும், பிரான்ஸின் என்.எஃப். டி51-800 என்பது 2015இலும் வந்தன. டி.யூ.வி. ஆஸ்திரியா நிறுவனம் 'ஓகே கம்போஸ்ட் ஹோம்' என்ற முத்திரையை வழங்குகிறது. இவற்றில் சோதனை 20 முதல் 30 டிகிரி வரையிலான இயல்பான வெப்பத்தில் நடக்கிறது; 90 விழுக்காடு மக்குவதற்கு ஓராண்டும், சிதைந்து துகளாவதற்கு ஆறு மாதங்களும் தரப்படுகின்றன. அதே நிறுவனம் 'ஓகே கம்போஸ்ட் இண்டஸ்ட்ரியல்' என்ற முத்திரையையும் வழங்குகிறது என்பதைக் கவனியுங்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். கடைசிச் சொல் மட்டுமே வேறு. 'ஹோம்' என்ற சொல் இல்லாத பொருளை வீட்டுத் தொட்டிக்கானது என்று எண்ணி வாங்கிவிடுவது எளிது.

முத்திரை சரியாக இருந்தும் பொருள் மக்காமல் போவதுண்டு. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் பிரிட்டன் முழுவதிலும் பொதுமக்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வை நடத்தினார்கள். மக்கும் பிளாஸ்டிக் பற்றிய கருத்தறியும் பகுதியில் 9,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள்; அவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் வீட்டு உரக்குவியலில் மக்கும் பிளாஸ்டிக் பொருள்களைப் போட்டு, உரம் பயன்படுத்தும் பக்குவத்துக்கு வந்ததும் எச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துத் தெரிவித்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, வீட்டில் மக்கும் என்று சான்று பெற்ற பொருள்களிலேயே 60 விழுக்காடு முழுமையாகச் சிதையவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஈரமும் காற்றும் ஒரே சீராகக் கிடைக்கின்றன. வீட்டுத் தொட்டியோ ஒரு வாரம் நனைந்தும் மறுவாரம் காய்ந்தும் கிடக்கும். சிலர் கிளறுவார்கள், சிலர் மாதக்கணக்கில் மூடியைத் திறக்க மாட்டார்கள். இந்த வேறுபாட்டை எந்த முத்திரையும் ஈடுகட்டிவிட முடியாது.

சான்று, பொருளின் தடிமனுக்கும் கட்டுப்பட்டது. ஒரு பொருள் மெல்லிய பையாக இருக்கும்போது பெற்ற சான்று, அதே பொருளில் தடித்த கரண்டி செய்தால் செல்லாது. நானாக இருந்தால் வீட்டில் மக்கும் சான்றுள்ள மெல்லிய பையை மட்டும் தொட்டியில் இடுவேன்; கரண்டி, மூடி, குவளை ஆகியவற்றை இடமாட்டேன்.

கேள்வி: தாவரத்திலிருந்து வந்த பொருள் எதுவானாலும் மண்ணுக்குத்தானே திரும்ப வேண்டும்? பெட்ரோலியப் பிளாஸ்டிக்தானே மக்காதது?

பதில்: இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது, விற்பனையாளர்களில் பலர் இதைத் திருத்த முற்படுவதும் இல்லை. ஒரு பிளாஸ்டிக் எதிலிருந்து வந்தது என்பதும், அது மக்குமா என்பதும் தொடர்பில்லாத இரண்டு கேள்விகள். நுண்ணுயிர்களுக்கு அதன் மூலக்கூறு அமைப்பு மட்டுமே தெரியும். அதன் பிறப்பிடம் தெரியாது.

கரும்பிலிருந்து எத்தனால் எடுத்து, அதை எத்திலீனாக்கி, அதிலிருந்து பாலிஎத்திலீன் தயாரிக்கிறார்கள். முழுக்க முழுக்கத் தாவரத்திலிருந்து வந்ததுதான். ஆனால் எண்ணெயிலிருந்து எடுத்த பாலிஎத்திலீனுக்கும் இதற்கும் வேதி அமைப்பில் வேறுபாடு கிடையாது. அது எப்படி மக்காதோ இதுவும் அப்படியே மக்காது. நேர்மாறாக, பி.பி.ஏ.டி. என்ற பாலியெஸ்டர் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தே தயாராகிறது. ஆனால் நுண்ணுயிர்கள் அதன் பிணைப்புகளை அறுத்துத் தின்னக்கூடியவை. மக்கும் பைகள் பலவும் மாவுப்பொருளும் இந்த பி.பி.ஏ.டி.யும் கலந்தவைதான். அவற்றை உரத்தில் இட்டால் மாவுப்பொருள் முதலில் கரைந்து பை ஓட்டை ஓட்டையாகும்; எஞ்சிய வலை போன்ற பகுதி மெதுவாகச் சிதையும். பாதி வழியில் எடுத்துப் பார்த்தால் நைந்த துணிபோல் கையோடு வரும்.

பி.எச்.ஏ. என்ற இன்னொரு குடும்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பாக்டீரியாக்கள் தங்கள் உடலில் சேமிப்பாக வைத்துக்கொள்ளும் பாலியெஸ்டர்கள் இவை. இவ்வகையின் முதல் பொருளை 1926இல் பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மோரிஸ் லெமோய்ன் கண்டறிந்தார். நுண்ணுயிர்களின் சொந்தத் தயாரிப்பாகவே இருப்பதால், இவற்றை உடைக்கும் நொதிகள் மண்ணில் மட்டுமன்றிக் கடல்நீரிலும் பரவலாக உள்ளன. எனவே இயல்பான வெப்பத்திலும் மக்குகின்றன. வீட்டு உரத்துக்கு உண்மையில் பொருத்தமான தாவரப் பிளாஸ்டிக் வருமானால் அது இந்தத் திசையிலிருந்து வரும் என்றே நினைக்கிறேன். தயாரிப்புச் செலவு கூடுதலாக இருப்பதால் இன்னும் பரவலாகவில்லை.

'ஆக்சோ' என்ற முன்னொட்டோடு வரும் பைகள் எந்த வகையிலும் சேராதவை. சாதாரணப் பிளாஸ்டிக்கில் சிதைவைத் தூண்டும் உப்புகளைக் கலந்து செய்தவை அவை; வெயிலில் நொறுங்கிக் கண்ணுக்குத் தெரியாத துகளாகும், மக்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலிருந்து அவற்றை விற்பனைக்குக் கொண்டுவரத் தடை விதித்துள்ளது.

கேள்வி: எனக்குத் தோட்டத்தில் இடம் இருக்கிறது. உரக்குவியலைச் சூடாக்கினால் வீட்டிலேயே பி.எல்.ஏ. பொருள்களை மக்கவைக்க முடியாதா?

பதில்: குவியலைச் சூடாக்க முடியும். வெப்பம் தங்க வேண்டுமானால் குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஒரு மீட்டராவது இருக்க வேண்டும். பசுமையான கழிவையும் உலர்ந்த சருகையும் கலந்து, கரிமமும் நைட்ரஜனும் எடையளவில் 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்தில் வரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் அளவுக்கு ஈரம் வேண்டும். இவையெல்லாம் அமைந்து, கழிவை ஒரே முறையாகக் குவித்தால், சில நாள்களில் நடுப்பகுதி 55 டிகிரியைத் தாண்டும். கிளறும்போது ஆவி எழும்.

இடர்ப்பாடு அதற்குப் பிறகுதான் வருகிறது. எளிதில் மக்கும் உணவு தீர்ந்ததும் வெப்பம் இறங்கத் தொடங்கிவிடும். பி.எல்.ஏ.க்கோ அந்த வெப்பம் வாரக்கணக்கில் தொடர்ந்து வேண்டும். குவியலின் ஓரங்கள் எப்போதும் ஆறியே இருக்கும். நடுவில் இருந்த துண்டு கிளறும்போது ஓரத்துக்கு வந்துவிடும். மெல்லிய பி.எல்.ஏ. படலம் இதில் உடைந்து நொறுங்கக்கூடும். ஆனால் சூடான உணவுக்கென்று விற்கும் வெண்ணிறக் கரண்டிகளும் முள்கரண்டிகளும் வேறு வகை. வெந்நீரில் துவளாமல் இருப்பதற்காக பி.எல்.ஏ.யைப் படிகமாக்கி, கனிமத்தூளும் சேர்த்துச் செய்தவை. அவை தடித்தவை, இறுகியவை. அவற்றை எதிர்பார்த்து ஒரு தோட்டக் குவியலைக் காத்திருக்கவைப்பதில் பயனில்லை.

மண்புழு உரத்தொட்டி வைத்திருப்பவர்கள் இந்த முயற்சியில் இறங்கவே வேண்டாம். புழுக்களுக்கு உகந்தது 15 முதல் 25 டிகிரி வரை. 35 டிகிரியைத் தாண்டினால் அவை தப்பி ஓட முயலும் அல்லது மடியும். பி.எல்.ஏ. மக்கும் வெப்பமும் புழு வாழும் வெப்பமும் ஒரே தொட்டியில் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அட்டைப்பெட்டிகள் சொல்வதில்லை. பி.எல்.ஏ. முழுமையாக மக்கினாலும் உரத்துக்கு அது எதையும் கொடுப்பதில்லை. கரிமம், ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்றே அதில் உள்ளன. நைட்ரஜனோ பாஸ்பரசோ பொட்டாசியமோ அதில் கிடையாது. மிகுதியும் வாயுவாகவும் நீராகவும் போய்விடும். செடிக்காக உரம் செய்பவர் இவ்வளவு பாடுபட்டு அடையும் ஆதாயம், ஒரு குவளை கண்ணுக்கு மறைந்தது என்பது மட்டுமே.

கேள்வி: மக்காத துண்டுகளோடு உரத்தை அப்படியே செடிகளுக்குப் போட்டால் கேடு உண்டா? தேநீர்ப் பைகளும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்கிறார்களே?

பதில்: சான்று பெற்ற பொருளின் துண்டு ஒன்றிரண்டு மண்ணில் கிடப்பதால் செடி உடனே வாடிவிடாது. ஈ.என். 13432 தரநிலையிலேயே கன உலோகங்களுக்கு வரம்பு உண்டு. அந்த உரத்தில் விதை முளைத்துச் செடி வளர்வதையும் சோதித்துப் பார்க்கிறார்கள். ஆனால் அந்தச் சோதனை, பொருள் மக்கி முடிந்த உரத்தில் நடப்பது. அரைகுறையாக நொறுங்கி மண்ணில் தங்கும் துகள்களுக்கு அந்த உறுதிமொழி பொருந்தாது. சான்றே இல்லாத பொருள்களுக்கு எந்த உறுதியும் கிடையாது. துண்டு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும்போதே சலித்து அகற்றிவிடுவதுதான் நல்லது. பிறகு பொறுக்க முடியாது.

தேநீர்ப் பைகளைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. வழவழப்பான வலைத்துணி போன்ற பைகள் பலவும், காகிதம்போல் தோன்றும் பைகள் சிலவும் பி.எல்.ஏ. இழையால் ஆனவை அல்லது அது கலந்தவை. பிளிமத், பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பைகளை மண்ணில் புதைத்துப் பார்த்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள்: ஏழு மாதங்களுக்குப் பிறகும் பி.எல்.ஏ. மட்டுமே கொண்ட பைகள் முழுமையாக அப்படியே இருந்தன. செல்லுலோஸ் கலந்தவை துண்டுகளாக உடைந்து எடை குறைந்திருந்தன, அவற்றில் எஞ்சியது பெரும்பாலும் பி.எல்.ஏ.தான். பையைக் கிழித்துத் தூளை மட்டும் உரத்தில் கொட்டிவிட்டால் இந்தக் கவலை இல்லை.

கரும்புச் சக்கையை அழுத்திச் செய்த தட்டுகள் பிளாஸ்டிக் அல்ல, வெறும் நார். நறுக்கிப் போட்டால் வீட்டிலேயே மக்கும். ஆனால் எண்ணெய் ஊறாதிருக்க அவற்றில் ஃபுளோரின் சேர்மங்களைக் கலக்கும் வழக்கம் இருந்தது. அவை எளிதில் அழியாமல் மண்ணில் தங்குபவை. வட அமெரிக்காவில் சான்றளிக்கும் பி.பி.ஐ. என்ற அமைப்பு, வேண்டுமென்றே ஃபுளோரின் சேர்மம் கலந்த பொருள்களுக்கு 2020 முதல் சான்று தருவதில்லை. சான்று இல்லாத தட்டைக் காய்கறிப் பாத்திக்குப் போகும் உரத்தில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வீட்டில் மக்கவில்லை என்றால் இந்தப் பொருள்களை எங்கேதான் போடுவது? மறுசுழற்சிக் கூடையில் போடலாமா? மண்ணிலோ நீரிலோ எறிந்தால் காலப்போக்கில் கரைந்துவிடாதா?

பதில்: மறுசுழற்சிக் கூடையில் வேண்டாம். பி.எல்.ஏ. குவளையும் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். இரண்டும் நீரில் மூழ்கும் என்பதால் தொட்டியில் மிதக்கவிட்டுப் பிரிக்கவும் இயலாது. பெட் உருகும் வெப்பத்தில் பி.எல்.ஏ. சிதைந்து நிறம் மாறி, கலந்த தொகுதியின் தரத்தையே கெடுத்துவிடும்.

எறிவது அதைவிடத் தவறு. பிளிமத் பல்கலைக்கழகத்தின் இன்னோர் ஆய்வில், பலவகைப் பைகளைத் திறந்தவெளியிலும் மண்ணிலும் கடலிலும் மூன்று ஆண்டுகள் விட்டுவைத்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். மக்கும் பை கடலில் மூன்று மாதங்களுக்குள் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதங்களுக்குப் பிறகும் இருந்தது. 'உயிரிச் சிதைவு' என்று விற்ற இன்னொரு பை, மூன்று ஆண்டுகள் மண்ணில் கிடந்த பிறகும் பொருள்களைத் தாங்கும் வலுவோடு வெளியே வந்தது. கடலிலும் எல்லாம் கரைவதில்லை: அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவன ஆய்வாளர்கள் பி.எல்.ஏ. துணியைக் கடலில் 428 நாள்கள் வைத்துப் பார்த்தபோது சிதைவின் அறிகுறியே தென்படவில்லை.

முறையான இடம், வெப்பம் பராமரிக்கும் உர ஆலைதான். ஆனால் கொடுப்பதற்கு முன் அந்த ஆலை இவற்றை ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல ஆலைகள் ஏற்பதில்லை. வேகமாக ஓடும் பட்டையில் மக்கும் குவளை எது, மக்காத குவளை எது என்று பிரித்தறிய முடியாததால் இரண்டையும் சேர்த்தே அகற்றிக் குப்பைக்கு அனுப்பிவிடுகின்றன. சில ஆலைகளின் உரச் சுழற்சி, தடித்த கரண்டிகள் மக்கத் தேவையான காலத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஏற்பதாகச் சொன்னால் தனியாகச் சேர்த்துக் கொடுக்கலாம். இல்லையென்றால் மறுசுழற்சிக்கு ஆகாத பொதுக்கழிவோடுதான் போக வேண்டும். அங்கே காற்றும் வெப்பமும் இல்லாத நிலத்தடிக் குவியலில் பி.எல்.ஏ. நெடுங்காலம் அப்படியே கிடக்கும்.

ஆகவே, உங்கள் பகுதியில் இவற்றை ஏற்கும் ஆலை இல்லாதபோது, மக்கும் என்பதற்காகவே ஒருமுறைக் குவளையைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டாம். கழுவிப் பயன்படுத்தும் குவளை போதும். சமையலறைக் கழிவைத் தொட்டிக்குக் கொண்டுபோகப் பை வேண்டும் என்றால், பூச்சு இல்லாத காகிதத்தை மடித்துப் பயன்படுத்துங்கள். அதைக் கழிவோடு சேர்த்தே தொட்டியில் போட்டுவிடலாம். ஈரக் கழிவுக்குத் தேவையான கரிமமும் அதிலிருந்து கிடைக்கும்.